மஞ்சள் கேப்சூலும் அண்ணனின் இடது காலும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது படித்தவர்கள் செய்கிற காரியம். நான் இலுப்பூரில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மாத்திரைக் கவர்களின் மேல் காலை, மதியம், இரவுக்கு ‘1-0-1’ என்று போட்டதுதான். இந்த விஷயத்தை யாரிடமாவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் எழுத வேண்டி வந்திருக்காது. சொல்ல வரவில்லை. பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் எழாது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் குரல் வாத்தியாருக்கு எட்டாமல், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க ஆப்சென்ட் விழும். பஸ்ஸில் எங்கள் ஊர் விலக்கு வரும்போது நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் வேறு யாராவது இறங்கும்போது கூடவே இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன் மினி பஸ் ஓட்ட ஆரம்பித்த பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. நான் சீட்டை விட்டு எழுவதை மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்துத் தானாகவே வண்டியை நிறுத்திவிடுவார். நான் இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கடையில் இந்தக் குணம் பழுதாகத் தெரியவில்லை. யாரிடமும் சொல்ல முடியாத உபாதையோடு வருகிறவர்கள், மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்று, சீட்டை என்னிடம்தான் நீட்டுவார்கள். நான் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவேன். “ஒன் வாய வச்சுத்தான்யா நம்ம கடையே ஓடுது. அதத் தொறந்துறாத” என்பார் முதலாளி. மருந்தாளுநர் படிப்புப் படித்தவர் அவர்தான், லைசென்ஸும் அவர் பேரில்தான். இருபத்து மூன்று வருஷமாக அவர் சொல்கிற ரேக்கில் கை வைத்து அவர் சொல்வதை எடுத்துக் கொடுக்கிறேன்.

அண்ணனுக்கு இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளத் தொடங்கியது போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழைக்காலத்தில். நூறடி நடந்தால் சதை கல்லாக இறுகும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். உட்கார்ந்து ஓட்டுகிறவர் என்பதால் ரொம்ப நாள் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கிளட்ச் மிதிக்கும் கால்தானே, மிதித்து மிதித்து அசந்துபோயிருக்கும் என்றார். சர்க்கரை ஏற்கெனவே இருந்தது. பீடியும் இருந்தது. கடைசியில் மதினி, அதாவது அண்ணனின் மனைவி, அழுது அடம்பிடித்துத் திருச்சிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், தொடையிலிருந்து கீழே இறங்குகிற ரத்தக் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது என்றார்.

அவர் சொன்னவை நாலு. பீடியை விட வேண்டும். தினமும் நடக்க வேண்டும், வலித்தால் நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. எழுதிக் கொடுக்கும் மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு மருந்தும், கொழுப்புக்கு ஒரு மருந்தும் சேர்ந்த ஒரே கேப்சூல் அது. பாதி சிவப்பு, பாதி வெள்ளை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. மாதம் மூன்று அட்டை. கடைக்கு ஞாயிறு அரை நாள்தான் என்பதால், மாதத்தில் ஒரு ஞாயிறு மொபெட்டில் ஊருக்குப் போய் அந்த மூன்று அட்டையையும் கொடுத்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு கேப்சூலைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார், இந்தத் தோல் பிளாஸ்டிக்கா, வயிற்றுக்குள் போய் என்ன ஆகும் என்று. எனக்குத் தெரிந்த ஒரு சங்கதியை அண்ணன் என்னிடம் கேட்கிறாரே என்று ஒரு சந்தோஷம் வந்துவிட்டது.

“பிளாஸ்டிக் இல்லண்ணே. மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி அதுல எடுக்குறது. வயித்துல கரைஞ்சிரும்.”

மதினி கரண்டியைக் கீழே வைத்தார். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏப்பா, வருசத்துக்கு ஒரு தடவ வாயத் தொறக்குற. அதுலயும் மாட்டெலும்புதானா கெடச்சுச்சு?”

மூவரும் சிரித்தோம். இரவு அவர் வழக்கம்போல அதை விழுங்கினார் என்று மதினி பிறகு சொன்னார். அந்தப் பேச்சு அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அண்ணனின் ஒரே மகள் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் காலைப் பற்றி அவளுக்கு அங்கிருந்து கவலை. போய்ப் பார்க்க லீவு இல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது அவர் பெட்டியில் துண்டில் சுற்றி ஒரு குப்பி கேப்சூல் கொடுத்தனுப்பினாள். மஞ்சளிலிருந்து எடுத்த சத்து, மிளகுச் சத்தோடு சேர்த்தது, ரத்தக் குழாய்க்கு நல்லது என்று லேபிளில் இங்கிலீஷில் போட்டிருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அந்தச் சரக்கு எனக்குப் புதிதில்லை. சில மாதம் முன்பு வேறொரு கம்பெனியின் விற்பனை ரெப் அதே மாதிரி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். வழவழப்பான அட்டையில் ரத்தக் குழாயை நீளவாக்கில் வெட்டிய மாதிரி படம். ஒரு பக்கம் உள்சுவரில் அழுக்கு, மறு பக்கம் பளிச்சென்று. குழம்பில் போடுகிற மஞ்சளில் அந்தச் சத்து கொஞ்சம்தான், அதுவும் ரத்தத்தில் சேராது, மிளகோடு சேர்த்தால்தான் சேரும், குழாயின் உள்சுவர் இளக்கமாக இருக்க அது உதவுகிறதா என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றார். அடைத்த குழாயைத் திறக்குமா என்று முதலாளி நேராகக் கேட்டார். “சப்போர்ட் பண்ணும் சார்” என்றார் ரெப். முதலாளி சிரித்துக்கொண்டே பத்துக் குப்பி எடுத்துக்கொண்டார். ரெப் போன பிறகு என்னிடம் திரும்பி, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இதை நீயாக எடுத்துக் கொடுத்துவிடாதே, டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல், இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு அதிகமாகலாம் என்றார். நான் தலையாட்டினேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

குப்பி வந்த ஞாயிறு நான் அங்கே இருந்தேன். மகள் வீடியோ காலில் வந்தாள். மதினி போனைப் பிடித்திருந்தார், அண்ணன் குப்பியைத் தூக்கிக் காட்டினார். தன்னோடு வேலை பார்க்கிற ஒரு அக்காவின் அப்பா இதைச் சாப்பிட்டுப் படி ஏறி இறங்குகிறார் என்று மகள் சொன்னாள். முகம் இளைத்திருந்தது. பின்னால் இரட்டைக் கட்டில்களும் காய்கிற துணிகளும் தெரிந்தன. பிறகு போனை என் பக்கம் திருப்பச் சொன்னாள்.

“சித்தப்பா, நீங்க மெடிக்கல்ல இருக்கீங்கள்ல. இது அப்பாவுக்கு நல்லதுதான?”

முதலாளி சொன்ன வார்த்தை அப்படியே வாயில் இருந்தது. டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டே சொல். ஆனால் மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து துண்டில் சுற்றி அனுப்பியவள் போனுக்குள் காத்திருந்தாள். நான் தலையாட்டினேன்.

“பாத்தியாம்மா” என்றார் அண்ணன் மகளிடம். “ஒன் சித்தப்பனே சொல்லிட்டான். அவன்கிட்ட ஒரு வார்த்த வாங்கணும்னா ரெண்டு டீ வாங்கிக் குடுக்கணும்.”

அந்தத் தலையாட்டல் எங்கெங்கோ போனது. அண்ணன் பஸ் நிறுத்துகிற டீக்கடைகளில் எல்லாம், மெடிக்கலில் இருக்கிற என் தம்பியே சொன்னது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று பேர் கடை தேடி வந்து அதைக் கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன் முதலாளியே விசாரித்துக் கொடுத்ததால் எனக்குப் பதில் சொல்லும் வேலை இல்லாமல் போயிற்று.

குப்பி தீரத் தீர, ஊருக்கு வருகிறவர்களிடம் மகள் அடுத்ததைக் கொடுத்தனுப்பினாள். ஏழாம் மாதம் அண்ணனின் முழங்கையில் ஒரு கன்றிப்போன தடம் பார்த்தேன். எதில் இடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது என்று மதினி சொன்னார். அந்தக் கேப்சூல் ரொம்பச் சூடு என்றார் அண்ணன். எந்தக் கேப்சூல் என்று கேட்டேன். “ஆஸ்பத்திரிதுதான். மஞ்சளா சூடு பண்ணும்? மஞ்சள் குளிர்ச்சில்ல” என்றார். நான் அப்போதும் விளக்கவில்லை. டாக்டரிடம் மறுபடி காட்டலாம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். கோயில் திருவிழா முடியட்டும் என்றார்.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். பதினைந்து நாள். கால் குணமாக வேண்டும் என்று அண்ணன் பால்குடம் நேர்ந்திருந்தார். மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்துக் கையில் கட்டிக்கொண்டால், காப்பு அவிழ்க்கும் வரை சுத்த சைவம், காலில் செருப்பு கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டிப் போகலாமே தவிர இரவு வெளியே தங்கக் கூடாது. அண்ணன் பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டுக் காப்புக் கட்டினார்.

ஆறாம் நாள் ஞாயிறு. மூன்று அட்டையோடு போனேன். வீடு நிறைய மதினியின் தங்கை வீட்டு ஆட்கள். சாமி படத்துக்குக் கீழே விளக்குக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் குப்பி இருந்தது. மூடிக்கு மேல் மதினி குங்குமம் வைத்திருந்தார். அட்டைகளைப் போட்டு வைக்கிற எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். போன மாதத்து அட்டையில் ஒன்பது கேப்சூல் அப்படியே இருந்தன. கணக்குப்படி நாலுதான் மீதி இருக்க வேண்டும்.

அண்ணன் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை, சந்தோஷமாகவே சொன்னார்.

“அத நிப்பாட்டியிருக்கேன்ப்பா. நீதான சொன்ன, மாட்டெலும்புன்னு. காப்ப கட்டிக்கிட்டு அத எப்புடித் திங்கிறது?” குப்பியை எடுத்து லேபிளின் ஓரத்தைக் காட்டினார். “இது பாரு. பச்சப் புள்ளி. சைவம். ஆத்தாளுக்கு உகந்த மஞ்சளு. பதினஞ்சு நாளைக்கி இது போதும்.”

இதில் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அதே மூன்று மருந்தும் தனித்தனியாகச் சாதாரண மாத்திரையாகவே வருகின்றன. தோல் கிடையாது. எங்கள் கடையில் இடது பக்க மூன்றாம் ரேக்கில் இருக்கின்றன. முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே வந்திருக்கலாம். அண்ணே, அதே மருந்து என்று ஆரம்பித்தேன். மதினியின் தங்கை புருஷன், அண்ணன் செய்தது ரொம்பச் சரி, இங்கிலீஷ் மருந்தே விஷம், தானும் பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது என்று சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். என் வாக்கியம் பாதியில் நின்றது யாருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டினார். தானே எடுத்துக் கொடுத்து, இப்போதே போ என்றார். மூன்றையும் ஒரு கவரில் போட்டு, மேலே ‘0-0-1’ என்று எழுதி, மொபெட்டின் பெட்டியில் வைத்தேன். கடையை மூட நேரமாகிவிட்டது, நாளை போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் அந்த ஆட்கள் எல்லாம் இன்னும் அங்கே இருப்பார்கள் என்று தோன்றியது. போன் செய்தேன். அண்ணன் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். காப்புக் கட்டியிருக்கிறவரிடம், நீங்கள் செய்தது தப்பு என்று போனில் எப்படி ஆரம்பிப்பது? அடுத்த ஞாயிறு கடையில் ஸ்டாக் சரிபார்க்கிற வேலை வந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு வா என்றார் முதலாளி, ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். வேலை வந்ததில் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

பால்குடம் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கே தார் ரோடு பிசுபிசுத்தது. நான் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் மஞ்சள் வேட்டியோடு தலையில் குடத்தைப் பிடித்தபடி, நூறடிக்கு ஒரு தடவை அசையாமல் நின்று நின்று வந்தார். சாமி வந்துதான் நிற்கிறார் என்று பெண்கள் குலவை போட்டார்கள். ஒருவர் ஓடிவந்து காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கெண்டைக்கால் பிடித்துத்தான் நிற்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும். தண்ணீர் ஊற்றிய இடத்தில் அவர் காலை மாற்றி வைத்தார். குடம் சாயவில்லை.

மதியம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் கொப்புளம். சுண்டுவிரலிலும் அடுத்த விரலிலும் மதினி மஞ்சளை அரைத்துப் பூசியிருந்தார். வெந்துபோச்சு, ரெண்டு நாளில் ஆறிவிடும் என்றார் அண்ணன். வலிக்கிறதா என்று கேட்டேன். காலையில் வலித்தது, இப்போது மரத்துவிட்டது என்றார்.

ஈரத்துணி வாங்கி அந்த மஞ்சளைத் துடைத்தேன். உள்ளே விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. தொட்டேன். அந்த வெயில் நாளில் அது குளிர்ந்து கிடந்தது. வலது பாதத்தையும் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

“இப்பவே திருச்சிக்குப் போவோம்ணே” என்றேன்.

“நாளைக்கிக் காலையில காப்ப அவுத்துருவாங்க. அவுத்ததும் போவோம். இன்னைக்கிப் போனா அங்கிட்டுத் தங்கச் சொல்லுவாங்க. தங்கப்படாது.”

மதினி என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் அவரும் என் பக்கம் பேசியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. மஞ்சள் பட்ட துணியைத் தொட்டியில் அலசிக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

காப்பு அவிழ்த்த அன்று காரில் கூட்டிப்போனோம். டாக்டரின் முதல் கேள்வியே மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்பதுதான். நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான், தவறாமல் என்றார் அண்ணன். திட்டு வாங்கப் பயந்திருப்பார். நான் அவருக்குப் பின்னால் சுவரோடு நின்றேன். அங்கேயும் நின்றேனே தவிரப் பேசவில்லை. நாலு நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். விரலில் தொடங்கிய கருப்பு பாதத்தில் ஏறியது. மதினி ராப்பகல் கூட இருந்தார். பஸ்ஸில் போனால் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் மொபெட்டிலேயே போய்வந்தேன்.

ஐந்தாம் நாள் மதியம் பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், நாளைக்கே, தள்ளிப்போட்டால் இன்னும் மேலே போகும் என்றார். மதினி வெளியே போய் அழுதுவிட்டு வந்தார். சாயங்காலம் மயக்க மருந்துப் பிரிவிலிருந்து ஒரு இளம் பெண் டாக்டர் ஒரு தாளோடு வந்து கட்டில் ஓரத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை எத்தனை வருஷம், முன்பு ஆபரேஷன் உண்டா, மயக்க ஊசி ஒத்துக்கொள்ளுமா. கடைசியில் பேனாவை நிறுத்தி, இங்கே கொடுக்கிற மருந்தைத் தவிர வேறு மாத்திரை, நாட்டு மருந்து, சத்து மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றார் அண்ணன்.

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை, மஞ்சள். மதினியும் தலையை அசைத்தார். கட்டிலுக்கு அடியில் ஒயர் கூடையில் துண்டுக்கும் ஃபிளாஸ்க்குக்கும் நடுவில் அந்தக் குப்பி இருந்தது. அன்று காலையில்கூட மதினி ஒன்று கொடுத்திருந்தார். டாக்டர் தாளை மடிக்கத் தொடங்கினார்.

நான் குனிந்து கூடையிலிருந்து குப்பியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“இது எட்டு மாசமா சாப்பிடுறாருங்க. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. நீங்க கொடுத்த கேப்சூலு காப்புக் கட்டுன பதினஞ்சு நாளும் சாப்பிடலங்க.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. டாக்டர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டார். வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். இது ரத்தம் உறைவதைத் தள்ளிப்போடக்கூடும், சாதாரண ஆபரேஷன் என்றால் இதை நிறுத்திக் கொஞ்ச நாள் பொறுப்போம், இதற்குப் பொறுக்க முடியாது, கூடுதலாக ரத்தம் தயாராக வைத்துக்கொள்கிறோம் என்றார். கால் இப்படி ஆனது மருந்தை நிறுத்தியதாலா என்று மதினி கேட்டார். அதுவும் இருக்கலாம், வெறுங்காலோடு நடந்ததும் இருக்கலாம், சர்க்கரையும் பீடியும் இருக்கலாம், மருந்து சாப்பிட்டிருந்தாலும் வந்திருக்கலாம், இதுதான் என்று பிரித்துச் சொல்ல முடியாது அம்மா என்று சொல்லிவிட்டுக் குப்பியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மதினி முகம் கழுவப் போனார். அண்ணன் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்.

“நல்லதுன்னு நீதானப்பா சொன்ன?”

“சொல்லலண்ணே. தலைய ஆட்டுனேன்.”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் வாய் திறந்துவிட்டது, மூட முடியவில்லை. மீதியையும் சொன்னேன். அந்த மருந்து எலும்புத் தோல் இல்லாத சாதா மாத்திரையாகவும் வருகிறது என்றும், ஆறாம் நாளே சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன் என்றும், மறுநாள் எடுத்து வண்டிப் பெட்டியில் வைத்தேன் என்றும் சொன்னேன்.

“எத்தன நாளா வச்சிருந்த?”

“பால்குடம் வரைக்கும். ஒம்போது நாளு.”

பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ரசத்தின் வாசனை வந்தது.

“வண்டி எங்க நிக்குது?”

“கீழதாண்ணே.”

“இப்பவும் அதுலதான் இருக்கா?”

“இருக்கு.”

அவர் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார். இடது காலை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் திருப்பினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே, ஊருக்குப் போவதென்றால் இருட்டுவதற்கு முன்னால் கிளம்பு, விராலிமலை ரோட்டில் லாரி அதிகம் என்றார்.

அன்று நான் ஊருக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு எடுத்தார்கள். ரத்தம் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஒன்றரை மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். மகளுக்கு மதினி போன் செய்தார். நான் கடைக்குப் போன் செய்து, இன்னும் இரண்டு நாள் வர முடியாது என்று சொன்னேன்.